நொடிக்கு ஒரு படம்

கோடாலி கழுத்தில் இறங்கிவிட்டது. ஆனால் ஆள் விழவில்லை. கண் சிமிட்டும் நேரம் அப்படியே நின்றான், பிறகுதான் திரையின் சேற்றில் சரிந்தான். ரேல்யா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டுத் திரையின் மூலையில் இருந்த பச்சை எண்ணைப் பார்த்தான். அறுபது இருக்க வேண்டிய இடத்தில் நாற்பது இருந்தது. ஆடத் தொடங்கி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. வழக்கம்போலத்தான்.

அடுக்களையில் அப்பா மரச்சுத்தியால் கெண்டை மீன்களின் தலையில் அடித்துக்கொண்டிருந்தார். புனித நிக்கோலாவின் நாள், அவர்கள் வீட்டு ஸ்லாவா, குடும்பத்தைக் காக்கும் புனிதருக்கான விருந்து நாள். நோன்புக் காலம் என்பதால் இறைச்சி கிடையாது, மீன்தான். ஒரு அடி, ஈரத் தொட்டிக்குள் வாலின் துடிப்பு, இன்னொரு அடி, பிறகு குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம். அடுப்பில் வதங்கிய வெங்காயமும் மீன் ரத்தமும் கலந்த வாடை கதவிடுக்கு வழியே வந்து, கணினியின் சூடான காற்றோடு சேர்ந்து அறையில் தங்கிவிட்டது.

நொடிக்கு அறுபது படம் ஓடினால் கண் அதை உயிரோட்டம் என்று நம்பிவிடும். நாற்பதில் லேசாகச் சந்தேகப்படும். இருபதுக்குக் கீழே போனால் ஏமாற்று வேலை அம்பலமாகும். ரேல்யாவுக்கு ஒரு மாதமாக இதே தலைவலி. காற்றாடிகளைக் கழற்றித் தூசி தட்டினான். சிப்பின் சூட்டைக் கடத்தும் பசையை மாற்றினான். கணினிப் பெட்டியின் பக்கத் தகட்டையே கழற்றி, டிசம்பர் குளிரில் ஜன்னலோரம் வைத்துப் பார்த்தான். கிராஃபிக்ஸ் கார்டு சூடேறவில்லை, மெமரி நிரம்பவில்லை. விளையாட்டை மூடித் திறந்தால் சமர்த்துப் பிள்ளையாக மறுபடி அறுபது. அப்படியென்றால் கோளாறு இயந்திரத்தில் இல்லை. ஆட ஆட உள்ளே ஏதோ சேர்கிறது.

"பறவைங்கள நிறுத்து," என்றாள் ஈவா, ஹெட்போனுக்குள்ளிருந்து. அவள் நோவி சாத் நகரத்தில் இருந்தபடியே அவன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருவரும் சேர்ந்து செய்த விளையாட்டு இது. ஆட்களையும் முகங்களையும் வரைந்தது அவள், நிலமும் நிரலும் அவன். ப்ராக்கில் ஒரு கம்பெனி நாளைக்கு ஆடிப் பார்க்கப்போகிறது.

"நிறுத்திட்டேன். ஏறல."

"மூடுபனி?"

"அதையும்தான். முப்பத்தெட்டு."

"அப்ப பொணந்தான்டா. செத்தவன் போக மாட்டேங்கிறான்."

"போறானே. அசைவு நின்னதும் மறையணும்னு நானே எழுதியிருக்கேன்."

"நீ எழுதினதுதானே. அதான் எனக்குப் பயமா இருக்கு."

அவன் சிரித்துவிட்டு மறுபடி கோடாலியை எடுத்தான். வாசலில் ஒருவனை வெட்டினான். விழுந்தான், அசைவு நின்றது, மறைந்தான். கிணற்றடியில் ஒருவன், தாடை பிளந்து விழுந்தான், மறைந்தான். களஞ்சியத்துக்குப் பின்னால் மூன்று பேரை வரிசையாக வெட்டிச் சாய்த்தான். அவர்கள் மறையவில்லை. ஒருவர்மேல் ஒருவராக மெல்ல உருண்டார்கள், வாதுமை மரத்துக்குப் பக்கத்துப் பள்ளம் வரை போய், தரைக்குள் இறங்கிவிட்டார்கள்.

அந்தப் பள்ளம் அவனுக்குத் தெரிந்ததுதான். விளையாட்டின் நிலம் முழுக்க ரேல்யா வீட்டின் சொந்தப் பண்ணை. வசந்தத்தில் ட்ரோனைப் பறக்கவிட்டுப் படமெடுத்து, மேடு பள்ளம் மாறாமல் அப்படியே போட்டிருந்தான். முன்னே உருளைக்கிழங்கைப் புதைத்து வைக்கும் குழி அங்கே இருந்தது. ஒரு குளிர்காலம் அவன் நகரத்திலிருந்து வந்தபோது அப்பா அதைத் தூர்த்திருந்தார். இப்போது புல் மட்டும் கொழுத்து நிற்கும். அந்தத் துண்டு நிலத்தில் அப்பா ஒரு மிளகாய்ச் செடிகூட நட்டதில்லை.

"தரைக்குக் கீழ போய்ப் பாரு," என்றாள் ஈவா.

பார்வையைத் தரைக்கு அடியில் இறக்கினான். அங்கே வெளிச்சமும் இல்லை, திசையும் இல்லை, வெறும் சாம்பல் நிறம். அதன் நடுவில் பிணங்கள் கொட்டிக் கிடந்தன, ஒரு மணி நேரமாக அவன் வெட்டியவர்கள் அத்தனை பேரும், கைக்குள் கை மாட்டி, வயிற்றில் முழங்கால் புதைந்து, ஒருவரை ஒருவர் நெரித்துக்கொண்டு. இடமில்லாத குவியல் அடங்காமல் நெளிந்துகொண்டே இருந்தது. அசைவு நிற்காததால்தான் மறையவில்லை. காரணம் கிடைத்துவிட்டது. அவனுக்கு மகிழ்ச்சியாக இருந்திருக்க வேண்டும்.

"ரேல்யா, அந்தச் சின்னது யாரு?"

"எது?"

"அடியில. ஒரு கால்ல மட்டும் பூட்ஸ் இருக்கு பாரு."

"நீ வரைஞ்சதுதானே."

"நம்ம ஆட்டத்துல குழந்தையே கிடையாதேடா," என்றாள். குரல் இறங்கியிருந்தது.

அவன் கிட்டே போனான். அடியில் கிடந்தவர்கள் ஈவா வரைந்தவர்கள் இல்லை. அவளுடைய ஆட்களுக்கு வாய் திறக்கவே திறக்காது, அதற்கு நேரமில்லை என்று மூடியே வரைந்துவிட்டாள். இவர்களுக்கு வாய் திறந்திருந்தது. ஒரு பெண்ணின் விரல் நுனிகளில் நகம் இல்லை. முக்காடு போட்ட ஒரு கிழவர் தன் சட்டைக் காலரையே கிழித்திருந்தார். எல்லோருடைய முகமும் மேலே, ஒரே இடத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

அடுக்களையில் சுத்திச் சத்தம் நின்று எவ்வளவு நேரமாயிற்று என்று அவனுக்குத் தெரியவில்லை. மீன் வாடை கழுத்துக்குப் பின்னால் வந்து நின்றது.

"அந்த எடத்தை ஏன்டா போட்ட?" என்றார் அப்பா மிலாதின்.

ரேல்யா ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தான். அப்பாவின் முழங்கை வரை செதிலும் ரத்தமும் அப்பியிருந்தன. அவர் திரையைத்தான் பார்த்தார், மகனைப் பார்க்கவில்லை.

"இவங்க யாருப்பா?"

"அகதிங்க. எல்லை வேலி தாண்டி ஹங்கேரிக்குப் போகவேண்டியவங்க. டிஸா ஆத்துல தண்ணி ஏறியிருந்துச்சு, படகை எறக்க முடியல. ஒரு ராத்திரி குழிக்குள்ள இருங்கன்னு வெச்சேன்." கையில் ஒட்டியிருந்த செதிலைச் சுரண்டினார். "அன்னைக்குன்னு பாத்து போலீஸ்காரன் வந்து வாசல்ல உக்காந்துட்டான். கீழ அந்தச் சின்னது அழுதுச்சு. காத்துக் குழாயில சாக்கைத் திணிச்சேன். கொஞ்ச நேரம்னுதான்டா நெனச்சேன். அவன் விடியிற வரைக்கும் என் ராக்கியாச் சாராயத்தக் குடிச்சிட்டுக் கதை பேசினான்."

"அவங்க கத்தலையா?"

"கத்தினாங்க. நான் பாட்டுப் பாடினேன்."

அப்பா ரத்தக் கையால் கணினியின் தலையைத் தட்டினார். "இது ஆகாசத்துலேர்ந்தா வந்துச்சு? அவங்க மாதிரி ஆளுங்க குடுத்த காசுடா. உனக்கு வாங்கித் தந்தப்ப ஒரு வார்த்தை கேட்டியா? மூடுடா. அந்த எடத்த மூடு."

மேசையில் கிடந்த ஹெட்போனுக்குள் ஈவா கொசுவாகப் பேசிக்கொண்டிருந்தாள். "ரெண்டு வழி இருக்குடா. எல்லாரையும் மேல கொண்டு வந்து தரையில போடு, தானா அடங்கிப் போயிடுவாங்க. இல்லன்னா தரைய மூடி, கீழ இருக்கறத அப்படியே அழிச்சுடு. ஆனா அந்தக் குழந்தை எங்கேர்ந்து வந்துச்சுன்னு பாக்காம..."

அவன் ஹெட்போனின் ஒலியை அடைத்தான். அம்மா போன பிறகு அவனுக்குச் சோறு போட்டது, காய்ச்சலில் நெற்றியைத் தொட்டுப் பார்த்தது, எல்லாம் இந்தக் கைதான். மேலே கொண்டுவந்தால் ப்ராக்கில் அந்த முகங்களைப் பார்த்துவிடுவார்கள், பிறகு வாசலில் போலீஸ் வண்டி நிற்கும், இந்த முறை ராக்கியா குடிக்க அல்ல. அப்பாவை இழக்க அவனால் முடியாது. வெட்கமாக இருந்தது, ஆனாலும் விரல்கள் ஓடின. தரையை மூடு. அடியில் உள்ளதை அழி. நான்கே வரி.

பொத்தானை அழுத்தினான். அறுபது. எண் அசையவே இல்லை. புகையும் பனியும் பறவைகளும் வெண்ணெயாக வழுக்கி ஓடின. அப்பா பெருமூச்சு விட்டு அவன் தோளில் கை வைத்தார்.

கை வைப்பதை ரேல்யா பார்த்தான். தொடுவது பிறகுதான் தெரிந்தது.

ஏதோ களைப்பு என்று நினைத்துக் கண்ணைக் கசக்கினான். ஜன்னலுக்கு வெளியே மாலை நாலு மணிக்கே இருட்டு இறங்கிக்கொண்டிருந்தது. வாதுமைக் கிளையிலிருந்து ஒரு காகம் எழுந்தது. எழுந்த இடத்திலேயே நின்றது. பிறகு களஞ்சியக் கூரையில் இருந்தது. நடுவில் அது பறக்கவில்லை.

வாசலில் யாரோ தட்டினார்கள்.

ஸ்லாவாவுக்கு யாரையும் அழைப்பதில்லை. நினைவு வைத்திருப்பவர்கள் வருவார்கள், வருபவர்களைத் திருப்பி அனுப்பும் வழக்கமில்லை. அப்பா கையைத் துடைத்தபடி, வருஷாவருஷம் கூவுவதுபோலவே கூவிவிட்டார்: "வாங்க, வாங்க. தெறந்துதான் இருக்கு."

கதவு மூடியிருந்தது. கதவு திறந்திருந்தது. நடுவில் எதுவும் இல்லை.

ஈர மண்ணின் வாடை. பூட்டிய அறைக்குள் பல பேர் விட்ட மூச்சின் புளிப்பு. கூடத்துப் பலகைத் தரையில் காலடிகள், ஒன்று பூட்ஸ், ஒன்று வெறுங்கால், ஒன்று பூட்ஸ், ஒன்று வெறுங்கால். ஒவ்வொருவர் உள்ளே வர வர அறை இன்னும் திக்கியது. அப்பா அடுக்களைக் கத்தியை எடுக்கிறார். கத்தி கையில். கத்தி தரையில். அவர் மணிக்கட்டு பின்பக்கமாக மடிந்திருக்கிறது. எலும்பு முறிந்த சத்தம் அதற்கப்புறம்தான் வந்தது.

"ரேல்யா, விடாதடா," என்றார்.

அவன் எழ நினைத்தான். அடுத்த படம் வரும்வரை கால் எழவில்லை.

கூடம். அப்பாவின் தலைமுடி ஒரு பெண்ணின் பிடியில். நகமில்லாத விரல்கள்.

வாசற்படி. அப்பாவின் விரல்கள் நிலைச்சட்டத்தைப் பற்றியிருக்கின்றன. கிழவர் அவற்றை ஒவ்வொன்றாக ஒடிக்கிறார். அவசரமே இல்லை.

நிலைச்சட்டத்தில் ரத்தம். யாரும் இல்லை.

முற்றம். புல்லில் இழுத்த தடம். அப்பாவின் அலறல் துண்டு துண்டாக, முதலில் முடிவு, பிறகு தொடக்கம்.

ரேல்யா ஓடினான். ஓடினான் என்றுதான் நினைத்தான். கதவடியில் இருந்தான், பிறகு கிணற்றடியில், பிறகு களஞ்சியத்தின் மூலையில். ஒவ்வொன்றுக்கும் நடுவில் நீண்ட இருட்டு. முன்பு நொடிக்குப் பத்து படமாவது இருந்தது. இப்போது ஒன்று.

பள்ளம் திறந்திருந்தது. அடியில் அப்பா மல்லாந்து கிடந்தார், இடுப்பு வரை மண். மேலே பார்த்து வாயைத் திறந்தார். விளிம்பைச் சுற்றி அவர்கள் அமைதியாக நின்றார்கள். அவர்கள் கைகள் காலியாக இருந்தன. குழந்தை ரேல்யாவின் பக்கத்தில் நின்றது.

"கை குடுடா," என்றார் அப்பா.

அவன் குனிந்து கை நீட்டினான். இருட்டு.

அடுத்த படத்தில் அப்பாவின் மார்பு வரை மண். அவன் நிமிர்ந்திருந்தான்.

இருட்டு.

கழுத்து வரை மண். அப்பா அவர்களைப் பார்க்கவில்லை, இவனையே பார்த்தார். "ஏன்டா..."

இருட்டு. இந்த முறை மிக நீளமாக. அதற்குள் ரேல்யாவுக்கு மூச்சு வாங்கியது. தோள் வலித்தது. உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து எரிந்தது.

படம் வந்தது. விளிம்பில் யாரும் இல்லை. பள்ளம் தரையோடு தரையாக மூடிக் கிடந்தது. அவன் கையில் மண்வெட்டி இருந்தது, அதன் தட்டையான பக்கத்தால் மேல்மண்ணை அடித்து அடித்துச் சமன் செய்துகொண்டிருந்தான். அடியிலிருந்து அப்பாவின் குரல் இன்னும் வந்துகொண்டிருந்தது. அதை மறைக்க அவன் சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தான்.