சிட்டுக்கு மூச்சு நின்ற காலை

விஜயதசமி. காலை ஏழு மணி.

மறுபூஜைக்குத் தேங்காய் பழத் தட்டோடு பட்டறைக்குள் நுழைந்த கமலவேணி முதலில் பந்தயக் கார் சிட்டுவைப் பார்க்கத்தான் போனாள். முன்மூடியைத் தூக்கினாள். அவ்வளவுதான், தட்டு கைநழுவித் தேங்காய் ஒரு லாரிச் சட்டத்துக்கு அடியில் உருண்டு ஓடியது.

எஞ்சினின் பக்கவாட்டில் இருக்கவேண்டிய கார்புரேட்டர் இரண்டையும் காணவில்லை.

பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுகிற பாகம் அது. அது இல்லாவிட்டால் கார் வெறும் தகரம். இங்கிலாந்திலிருந்து அந்த ஜோடியை வரவழைக்க இறக்குமதி லைசென்சுக்கு அலைந்து அலைந்தே செருப்புத் தேய்ந்தது. இன்னொரு ஜோடிக்கு இந்தியா முழுக்கச் சல்லடை போட்டாலும் கிடைக்காது. மத்தியானம் பன்னிரண்டு மணிக்குச் சிட்டுவை லாரியில் ஏற்றியாக வேண்டும். மறுநாள் மெட்ராஸ் பக்கத்துப் பழைய விமான ஓடுதளத்தில் பரிசோதனை, அதற்கடுத்த நாள் பன்னிரண்டு மணி நேர ஓட்டப் பந்தயம்.

சிட்டுவின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்ட ஆயிரம் பேர் உண்டு. சொந்தமாக ஒரு பந்தயக் கார் செய்தவர் நாச்சிமுத்து ஒருவர்தான். செய்து, ஓட்டி, கோப்பையும் வாங்கினார். பதினொரு வருஷத்துக்கு முன்பு, 1968இல், ஒத்திகை ஓட்டத்தில் சிட்டு கவிழ்ந்தது. ஓட்டிய மூத்த மகன் செங்கோடன் போய்விட்டான். அன்றோடு சிட்டுவைத் தார்ப்பாயில் மூடினார். செங்கோடனின் கருவிப் பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளிப் பூட்டினார். அதை ஆயுத பூஜைக்குக்கூட வெளியே எடுத்ததில்லை.

தார்ப்பாயை இழுத்தவள் அவர் மகள் கமலவேணி. இருபத்தைந்து வயது, பிடிவாதம் மட்டும் ஐம்பது வயதுக்கு உண்டான அளவு. பட்டறையின் தலைமை மெக்கானிக் மருதாசலத்தோடு சேர்ந்து சிட்டுவை எலும்பிலிருந்து புதிதாக எழுப்பினாள். "நானும் மருதாசலண்ணனும் மாத்தி மாத்தி ஓட்டறோம்" என்றாள். நாச்சிமுத்து ஒரு வருஷம் பேசாமல் இருந்துவிட்டு, ஒருநாள் சரி என்றார். சேலத்துப் பத்திரிகைக்காரர்கள் வந்து படம் பிடித்துப் போட்டார்கள். பிறகு அவரால் பின்வாங்க முடியுமா? ஊரே பேருந்து நிலையத்தில் நின்று அதைத்தான் பேசிற்று.

எட்டு மணிக்கெல்லாம் போலீஸ் வந்துவிட்டது. போன் செய்தவர் நாச்சிமுத்துவின் தம்பி சடையன். பந்தயம் என்றாலே அவருக்குப் பாகற்காய். "எங்கண்ணனுக்குக் கிறுக்கு, புள்ளைக்கு அதுக்கு மேல கிறுக்கு" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பவர். ஆனாலும் திருட்டு திருட்டுதானே!

ஆத்தூர்ப் பக்கத்துக்காரரான இன்ஸ்பெக்டர் கந்தப்பன் முதல் வேலையாக வாசல் கேட்டைச் சாத்தச் சொன்னார்.

"யாரும் வெளிய போகக் கூடாது. பூட்டு உடையல. சாவி எத்தனை?"

"ரெண்டுங்க" என்றார் நாச்சிமுத்து. "மருதாசலத்துகிட்ட ஒண்ணு. பட்டறைக்குப் பின்னால எங்க ஊட்டு ஆணில ஒண்ணு தொங்கும்."

"வீட்ல யாரு?"

"நானு, என்ர சம்சாரம் ராஜம்மாள், பொண்ணு, தம்பி."

"சொந்த வண்டியில யாரும் திருட மாட்டாங்க. அப்ப மிச்சம் ஒரு ஆள்தான்." கந்தப்பன் மருதாசலத்தின் பக்கம் திரும்பினார். "கோயமுத்தூர்ல ஒரு பந்தயக் கம்பெனி உன்ன வேலைக்குக் கூப்பிட்டாங்களாமே?"

"கூப்புட்டாங்க. வரமாட்டேன்னுட்டனுங்க."

"கார்புரேட்டரோட வரச் சொன்னாங்களா?"

இருபது வருஷம் உழைத்த இடத்தில் நின்று அந்தக் கேள்வியைக் கேட்கிறபோது மனுஷனுக்கு நாக்கு எங்கே எழும்? ஒரு கான்ஸ்டபிள் மருதாசலத்தின் முழங்கையைப் பிடித்தான். அவனை உள்ளே தள்ளினால் பந்தயத்துக்கு மெக்கானிக்கும் இல்லை, இரண்டாவது டிரைவரும் இல்லை. அதைவிட, அவன் பெண்டாட்டி பிள்ளைகள் நாளைக்கு இதே சாலையில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. கமலவேணி இன்ஸ்பெக்டரிடம் போனாள்.

"சார், பன்னண்டு மணி வரைக்கும் அவரக் கூட்டிட்டுப் போகாதீங்க. நான் ஒருக்கா வண்டியப் பாத்துக்கறேன்."

"நீ பாத்து என்னம்மா ஆவப் போவுது?" என்றார் கந்தப்பன். ஆனாலும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

தகரக் கூரை காய ஆரம்பித்திருந்தது. சாத்திய கேட்டுக்குள் காற்றுக்கும் வழியில்லை. கமலவேணி முந்தானையைச் செருகிக்கொண்டு எஞ்சினுக்குள் தலையை விட்டாள்.

கார்புரேட்டரைப் பிடித்திருந்த நட்டுகள் கீழே கிடக்கவில்லை. கழற்றிய ஒவ்வொரு நட்டும், அதனதன் வாஷரோடு, அதனதன் இடத்திலேயே திரும்பக் கையால் முடுக்கப்பட்டிருந்தது. காற்றுப் போகிற துளைகள் இரண்டிலும் தூசி விழாதபடி துவைத்த வெள்ளைத் துணி அடைத்திருந்தது. பட்டறையில் கை துடைக்கிற நூல் கழிவு இல்லை; அதன் பிசிர் உள்ளே போகும் என்று தெரிந்த ஆள்.

"பாத்தியா?" என்றார் எட்டிப் பார்த்த கந்தப்பன். "கைதேர்ந்த மெக்கானிக் செஞ்ச வேலை. நீயே இதுக்குச் சாட்சி."

அவளுக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னது சரிதான். கழற்றிய நட்டை அங்கேயே திரும்பப் போடுவது மருதாசலத்தின் பழக்கம். ஆனால் திருடிக்கொண்டு ஓடுகிறவன் எஞ்சினுக்குத் தூசி படுமே என்று ஏன் கவலைப்பட வேண்டும்?

சுவர் ஓரமாகத் தலைவாழை இலைகளில் பட்டறைக் கருவிகள் அத்தனையும் பூஜையில் இருந்தபடியே கிடந்தன. ஸ்பானர், திருப்புளி, சுத்தியல், எல்லாவற்றிலும் சந்தனம், குங்குமம். நேற்று மாலை பூஜை முடிந்தபின் மறுபூஜை ஆகும்வரை ஒன்றையும் தொடக் கூடாது. அது எந்தப் பட்டறைக்கும் உள்ள சட்டம்.

"அண்ணா, சாமான் மாட்டற கொக்கிப் பலகைல பூசைக்கு எடுக்காம ஏதாச்சும் மிச்சம் இருந்துச்சா?"

"ஒண்ணுகூட இல்லீங்க கமலம். மொதலாளியே நின்னு பாத்தாரு."

"இந்த நட்டுக்கு நேர் ஸ்பானர் நொழையாது. கழுத்து வளைஞ்சது வேணும். அப்பா ஒலைல காச்சி வளைச்சாரே, அது எங்க?"

"என்கிட்ட இருக்கறது ஒண்ணுதாங்க. அதோ இலைல."

கந்தப்பன் எழுந்து போய் அதன்மேல் கைவைத்தார். "ஐயோ, தொடாதீங்க சார்!" என்று நாச்சிமுத்து கத்திவிட்டார். அதற்குள் இன்ஸ்பெக்டர் தூக்கிவிட்டார். வழிந்த சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்ததால் ஸ்பானர் இலையையும் பிய்த்துக்கொண்டு வந்தது.

"இது ராத்திரி எந்திரிக்கல சார்" என்றாள் கமலவேணி.

"வேற ஸ்பானர் வாங்கியிருப்பான்."

"ஆயுத பூஜை அன்னிக்கு நாமக்கல்லுல யாரு சார் ஸ்பானர் குடுப்பாங்க? இந்த ரோட்டுல அத்தன பட்டறைலயும் சாமான் இலைலதான் கெடந்துச்சு. அதுவும் இந்த மாதிரி வளைஞ்சது கடைல விக்கறதில்ல."

"ஏம் புள்ள, வாய் ஓயாதா உனக்கு?" என்று முணுமுணுத்த சடையன், பந்தலுக்கடியில் நின்ற தன் ஜீப்பைப் பார்த்துப் போனார். பேட்டரி முனை தளர்ந்து காலையிலிருந்து படுத்துகிறதாம். போகிற போக்கில் இலையிலிருந்து ஒரு ஸ்பானரை வெடுக்கென்று எடுத்து, குங்குமத்தை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"டேய் சடையா, மறுபூசை ஆவல! அறிவிருக்குதா உனக்கு?" என்றார் நாச்சிமுத்து.

"இரும்புக்கு என்னண்ணா மடி ஆசாரம்? நீங்க ஒருத்தரு!"

கமலவேணி நிமிர்ந்து சித்தப்பாவைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். தெரிந்துவிட்டது. தெரியாமலே இருந்திருக்கலாம் என்று அந்த நிமிஷமே தோன்றியது. சொன்னால் அப்பா, சொல்லாவிட்டால் மருதாசலண்ணன். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

அம்மா ராஜம்மாள் சொம்பில் மோர் கொண்டுவந்தாள். கான்ஸ்டபிளுக்குக் கொடுத்தாள், இன்ஸ்பெக்டருக்குக் கொடுத்தாள். மருதாசலம் வேண்டாம் என்று தலையசைத்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

மணி பதினொன்றரை. கந்தப்பன் தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டார். "சரி, நடப்பா."

"இருங்க சார்." கமலவேணி நடுவில் வந்து நின்றாள். "எடுத்தவரு எஞ்சின் கெடக் கூடாதுன்னு துணி அடைச்சிருக்காரு. பந்தயத்துல வண்டி பாதில நிக்கணும்னோ, ஓட்டறவங்களுக்கு ஏதாச்சும் ஆவணும்னோ நெனச்சிருந்தா ஸ்டியரிங்க லூசாக்கியிருப்பாரு, பிரேக்குல கைவெச்சிருப்பாரு. இவரு வண்டி கெளம்பவே கூடாதுன்னு மட்டும் நெனச்சிருக்காரு. வண்டிக்கும் கேடு இல்ல, ஆளுக்கும் கேடு இல்ல. இது பகை இல்ல சார், பயம்."

"யாருக்குப் பயம்?"

"சித்தப்பாவா இருந்தா இலைல இருந்த ஸ்பானரையே எடுத்திருப்பாரு. இப்ப நீங்களே பாத்தீங்க. அம்மா இந்த எஞ்சின் பக்கமே வந்ததில்ல. நட்ட அதே எடத்துல திருப்பிப் போடறது மருதாசலண்ணன் பழக்கம், சரி. அந்தப் பழக்கத்த அவருக்கு அடிச்சுச் சொல்லிக் குடுத்தது யாரு? மருதாசலண்ணன் ஸ்பானர் இலைல ஒட்டிக்கெடந்துச்சு. எடுத்தவருக்குப் பூசைல வெச்ச சாமானத் தொட மனசு வரல. திருட வந்த எடத்துல சந்தனத்துக்குப் பயந்தவரு அவரு. அதனால பூசைக்கே வராத ஒரு ஸ்பானரத் தேடிப் போயிருக்காரு. அண்ணனுக்கும் அப்பா இதே மாதிரி ஒண்ணு வளைச்சுக் குடுத்திருந்தாரு. இந்த வளவுக்குள்ள பூசைக்கு வராத சாமான் ஒரே ஒரு பொட்டிலதான் இருக்குது."

ராஜம்மாளின் கையிலிருந்த சொம்பு சாய்ந்து மோர் தரையில் கொட்டியது.

"அப்பா" என்றாள் கமலவேணி. "அண்ணன் பொட்டி சாவியக் குடுங்க."

நாச்சிமுத்து அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்தார். "அதுக்குள்ளதான் இருக்குது, ரெண்டும். எண்ணெத் துணில சுத்தி வெச்சிருக்கறேன்."

"பெரியவரே, நீங்களா?" என்றார் கந்தப்பன்.

"பேப்பர்ல போட்டுட்டாங்க. ஊரே பேசுது. வேண்டாம்னு எந்த வாயில சொல்றது? சொன்னாத்தான் இவ கேப்பாளா? செங்கோடனத் தூக்கிட்டு வந்த கையிங்க இது. இன்னொரு தடவ என்னால ஆவாது." அவர் முகத்தை மூடிக்கொண்டார். "திருட்டுப் போச்சுன்னு சொன்னா வுட்டுருவாங்கன்னு நெனச்சேன். சடையன் போலீசுக்குப் போன் பண்ணுவான்னு கண்டனா?"

கான்ஸ்டபிள் மருதாசலத்தின் கையை விட்டான். மருதாசலம் பிடித்த இடத்தைத் தேய்த்துக்கொண்டே வந்து முதலாளியின் முன்னால் நின்றான்.

"பயந்தீங்க, சரிங்க. ஆனா என் கைய அவுங்க புடிச்சாங்களே, அப்பவும் பாத்துக்கிட்டுத்தான நின்னீங்க?"

நாச்சிமுத்து சாவியை மகளிடம் நீட்டினார்.

"கேசு எழுதணுமாப்பா?" என்று கந்தப்பன் மருதாசலத்தைத்தான் கேட்டார்.

"வேண்டாங்க. கார்புரேட்டர மாட்டறேன். கமலத்தோட ஓட்டி முடிச்சுட்டு வாரேன். அதுக்கப்புறம் இந்தப் பட்டறைல எனக்கு வேல வேண்டாங்க."

யாரும் அவனைத் தடுக்கவில்லை. தடுக்க யாருக்கு முகமிருந்தது? அவன் மறுபூஜைக்குக்கூடக் காத்திராமல், இன்ஸ்பெக்டர் பிய்த்தெடுத்த ஸ்பானரை வாங்கிக்கொண்டு எஞ்சினிடம் போனான். கமலவேணி பெட்டியைத் திறந்து கார்புரேட்டர்களைக் கொண்டுவந்தாள். இருவரும் ஒரு வார்த்தை பேசாமல் வேலை செய்தார்கள். ஸ்டார்ட்டரைத் தட்டிய முதல் தடவையே சிட்டு உறுமியது. சடையன்கூட வாயைப் பிளந்து பார்த்தார்.

லாரி வந்தது. சிட்டுவை ஏற்றிச் சங்கிலி போட்டார்கள். கேட்டைத் திறந்துவிட்டு கந்தப்பன் ஒதுங்கி நின்றார். நாச்சிமுத்து தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு லாரியருகே வந்தார்.

"நானும் வாரனே, சாமி. ஓரமா நின்னுக்கறேன்."

கமலவேணி லாரியிலிருந்து இறங்கி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர்மேல் ஆத்திரமாக வந்தது, கட்டிக்கொண்டு அழவும் வந்தது.

"நீங்க ஊட்டுலயே இருங்கப்பா. உங்க மொகத்தப் பாத்துக்கிட்டு என்னால வேகமா ஓட்ட முடியாது. நேத்து ஒரு வார்த்த, 'எனக்குப் பயமா இருக்குது கமலம்'னு சொல்லியிருந்தா நான் நின்னுருப்பேனுங்க."

"நெசமாவா?"

"நெசமா. இப்ப மருதாசலண்ணன் இத்தன பட்டதுக்கப்புறம் நின்னா, அது அவருக்குச் செய்யற துரோகம்."

அவள் ஏறிக்கொண்டாள். லாரி சேலம் பக்கம் திரும்பிச் சாலையில் சேர்ந்தது. நாச்சிமுத்து அது மறையும்வரை நின்றுவிட்டு, ஆபீஸ் அறைக்குள் போய் டெலிபோனுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"பந்தயம் நாளானிக்குத்தானுங்க" என்றாள் ராஜம்மாள்.

"தெரியும்" என்றார் அவர். ஆனால் எழுந்திருக்கவில்லை.