ஏழு கண் வீடு

“ஏனுங்கப்பா, அந்தத் தாத்தா நம்மளப் பாத்து எதுக்குச் சிரிச்சாரு?”

தளிர் இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. அப்பா வாய் திறப்பதற்குள் வீடு பதில் சொல்லிவிட்டது.

“பதினொன்றாம் குடில்காரர். சிரிப்புக்குக் காரணம் தெரியவில்லை. ஐயம் இருபத்திரண்டு.”

அந்தக் காலத்தில் இது வழக்கமான பேச்சுதான். கோவையின் எழுபது மாடி அடுக்குகளில் வாழ்ந்த குடும்பங்களுக்கு ஆண்டில் ஆறு நாள் வனவிடுப்பு உண்டு. உருள்வீட்டில் ஏறி உட்கார்ந்தால் போதும். அது தானே மலையேறி, சோலைக்காட்டைத் தாண்டி, கருங்கானல் ஏரிக்கரையில் தனக்கு ஒதுக்கிய இடத்தில் போய் நிற்கும். உருள்வீடு இல்லாதவர்கள் கரையோர மரக்குடில்களில் தங்குவார்கள்.

ஒவ்வோர் உருள்வீட்டின் கூரையிலும் ஏழு கண்கள் இருந்தன. அவை பார்ப்பதையெல்லாம் ஐயமானி என்ற கருவி எடைபோட்டு, அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவருக்கும் நூற்றுக்கு இவ்வளவு என்று ஓர் எண் கொடுக்கும். எண்பதைத் தாண்டியவர்மீது புகார் செய்யலாம். புகார் பதிவானால் அன்று மாலை நான்கு மணிக்கு அவருடைய அனுமதி ரத்தாகும். பிறகு அவர் ஆயுளுக்கும் ஏரிப்பக்கம் வர முடியாது.

பதினொன்றாம் குடில்காரர் பெயர் சவரிமுத்து. அறுபத்தெட்டு வயது, கம்பளிக் குல்லா, ஒரு முழங்காலில் வலி. அவரிடம் ஐயமானி இல்லை. மற்றக் குடில்காரர்கள்கூடக் கையடக்க ஐயமானி வைத்திருந்தார்கள்; ஏரிக்கரையில் அது இல்லாத ஒரே ஆள் அவர்தான். அதற்காகவே முதல் நாள் அவருக்குப் பத்து எண்கள் கூடுதலாக விழுந்திருந்தன.

இரண்டாம் நாள் காலை, தளிரின் அப்பா சென்னியப்பன் பல் துலக்கியபடியே சுவர்த்திரையில் விடியற்காலைக் காட்சிகளைப் பார்த்தார். பனிமூட்டத்தில் ஓர் உருவம் அவர்களுடைய உருள்வீட்டின் பின்சக்கரத்தருகே குந்தி உட்கார்ந்திருந்தது. கால் மணி நேரம் ஏதோ செய்தது. பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து பதினொன்றாம் குடிலுக்குப் போனது.

“ஐயம் அறுபத்து நான்கு” என்றது வீடு.

அவர் மனைவி வஞ்சிக்கொடி தோசைக் கரண்டியோடு வந்து நின்றாள். “பாத்தீங்களா? நான் நேத்தே சொன்னேன். அந்தாளு பார்வையே செரியில்லீங்க.”

“சக்கரத்துக்கிட்ட என்ன வேலை அவருக்கு?”

“அதைத்தான நானும் கேக்கறேன்! நீங்க போய்க் கேளுங்க.”

“நானா? நல்லா இருக்குது. நீ போறது?”

இருவரும் போகவில்லை. மதியம் அவரே வந்தார். கையில் தேக்கிலையில் பொதிந்த நான்கு பேரிக்காய்கள்.

“சாப்பிட்டீகளா தம்பி? எங்க பக்கத்துக் காயி. பாப்பாவுக்குக் குடுங்க.” பிறகு குனிந்து சக்கரங்களைப் பார்த்தார். “இந்தக் கரை மண்ணு பொல்லாதது. ஈரம் பட்டா ஆளக் கவுத்திப்புடும். பாத்து இருந்துக்கங்க.”

அவர் தலை மறைந்ததும் வீடு சொன்னது: “காரணமற்ற அன்பளிப்பு. அதைத் தொடர்ந்து மறைமுக மிரட்டல். ஐயம் எழுபத்தொன்பது.”

“கவுத்திப்புடுமாமில்ல!” என்றாள் வஞ்சிக்கொடி. பேரிக்காய்கள் இலையோடு குப்பைக்குப் போயின. தளிர் அழுதாள். காட்டைப் பார்க்க வந்த குடும்பம் மூன்றாம் நாள் முழுவதும் திரைச்சீலையின் இடுக்கு வழியே ஒரு கிழவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. குடிலுக்குள் ஏறும்போதெல்லாம் அவர் கதவு நிலையை இரு கைகளாலும் பற்றி, காலை உயரத் தூக்கித் திண்டாடினார். ‘நடிப்பாக இருக்கலாம்’ என்று ஐயமானி இரண்டு எண்களைச் சேர்த்தது. எண்பத்தொன்று.

நான்காம் நாள் காலை சென்னியப்பன் புகார் எழுதி அனுப்பினார்.

“ஆதாரம் வலுவாக இருந்தால் நல்லது” என்றது வீடு. “பின்சக்கரத்தின் கீழ் அவர் வைத்த பொருளை எடுத்து வாருங்கள்.”

பகல் பதினொரு மணி. வஞ்சிக்கொடி கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். தளிர் உள்ளே படம் வரைந்துகொண்டிருந்தாள். சென்னியப்பன் கூடாரக் கம்பியோடு சக்கரத்தருகே குந்தினார், கிழவர் குந்திய அதே இடத்தில். சக்கரத்தை ஒட்டி, பாதி மண்ணில் புதைத்து, கனமான ஒரு கல் இருந்தது. அதைக் கம்பியால் நெம்பி வெளியே புரட்டினார்.

வீடு அசைந்தது.

பிரேக் பிடித்துத்தான் இருந்தது. சக்கரம் உருளவில்லை; களிமண்ணில் அப்படியே வழுக்கியது. தளிர் இருந்த அந்த வீடு, சத்தமே இல்லாமல், ஏரியை நோக்கி இறங்கத் தொடங்கியது.

“ஏனுங்க! பாப்பா! பாப்பா உள்ள இருக்கறாளுங்க!”

சென்னியப்பன் கல்லை இரு கைகளாலும் வாரிச் சக்கரத்தின் முன் திணித்துத் தோளைக் கொடுத்தார். கல் ஓரடி நகர்ந்து, மண்ணைக் கடித்துக்கொண்டு நின்றது. வீடும் நின்றது. முன்சக்கரத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு கை நீளம் இருந்தது.

வஞ்சிக்கொடி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். சென்னியப்பன் சேற்றிலேயே உட்கார்ந்திருந்தார். இப்போதுதான் அவர் தரையைப் பார்த்தார். கல் முன்பு புதைந்திருந்த இடத்துக்குப் பின்னால், முதல் இரவு வீடு வழுக்கி வந்த தடம் மூன்றடி நீளத்துக்குக் காய்ந்து கிடந்தது.

“நீ ஏன் சொல்லல?” என்று வீட்டைக் கேட்டார்.

“ஏரி மூன்றடி நெருங்கி வந்ததைக் குறித்திருக்கிறேன். ஏரிக்கு உள்நோக்கம் இல்லாததால் தெரிவிக்கவில்லை.”

“அந்தப் பெரியவரு வந்தப்போ?”

“வேலையைத் தொடங்குமுன் மூன்று முறை கதவைத் தட்டினார். ஐயம் இருபதுக்கு மேலுள்ளவர்களுக்காக நான் உங்களை எழுப்புவதில்லை.”

சென்னியப்பன் கல்லைத் தடவினார். நீள்சதுரமாகச் செதுக்கிய கல். ஒரு பக்கம் கால்கள் பட்டுப் பட்டு வழவழத்திருந்தது. அந்தப் பக்கத்தில், மங்கிய வெள்ளைச் சாயத்தில், ‘11’ என்று எழுதியிருந்தது. எதிரே பதினொன்றாம் குடிலின் வாசலில் படி இருந்த இடம் வெறும் பள்ளமாக இருந்தது.

புகாரைத் திரும்பப் பெற அவர் நிர்வாகக் கூண்டுக்கு ஓடினார். அங்கே மனிதர் யாரும் இல்லை. குரல் மட்டும் இருந்தது.

“புகாரைத் திரும்பப் பெறும் காரணம்? மிரட்டப்பட்டீர்களா? ஆதாயம் பெற்றீர்களா? உடந்தையா?”

“என் தப்புங்க. நான் தப்பா நெனச்சுட்டேன்.”

“அப்படி ஒரு காரணம் பட்டியலில் இல்லை.”

குரலைக் குற்றம் சொல்ல முடியாது. நூறாண்டுகளுக்கு முன் மனிதர்கள் தங்கள் வாசல் கேமராப் படங்களைத் தெருக் குழுக்களில் போட்டு எழுதிய கோடிக்கணக்கான செய்திகளைப் படித்துத்தான் ஐயமானி மனிதரை அறியக் கற்றது. ‘யார் இந்த ஆள்?’, ‘நம்ம ஏரியா முகம் இல்லை’, ‘எல்லாரும் உஷார்’ என்பவை அவற்றில் மலைபோல் குவிந்திருந்தன. ‘நான் தவறாக நினைத்துவிட்டேன், மன்னியுங்கள்’ என்று எழுதியவர்கள், கருவி ஒரு காரணமாகக் கற்றுக்கொள்ளும் அளவுக்குத் தேறவில்லை.

சென்னியப்பன் கூண்டருகே குனிந்தார். “உடந்தை” என்றார்.

“உடந்தையானவரின் புகார் செல்லாது. பதினொன்றாம் குடில்காரர்மீது இனிப் புகார் இல்லை. உங்கள் ஐயம் தொண்ணூறு. மாலை நான்கு மணிக்குள் வெளியேறவும்.”

வஞ்சிக்கொடி துணிகளை ஈரத்தோடு மடித்துக்கொண்டிருந்தாள். “ஆயுசுக்கும் ஏரி இல்லீங்களா நமக்கு?”

“இல்ல.”

அவள் பிள்ளையின் தலையில் கை வைத்தாள். “செரி, போகட்டும். புள்ள இருக்கறா. அவருகிட்டச் சொல்லிட்டாவது போலாமுங்க.”

“என்னன்னு? உங்களப் புடிச்சுக் குடுக்கப் பாத்தோம்னா? அவரு ஆறு நாளும் நிம்மதியா இருந்துட்டுப் போகட்டும். தெரிய வேண்டாம்.”

தளிர் அப்பாவின் விரலைப் பிடித்தாள். “நான் கேட்டனே, அந்தத் தாத்தா எதுக்குச் சிரிச்சாரு?”

“சும்மாதான் கண்ணு.”

“சும்மான்னா?”

அவர் கொடியில் மிச்சமிருந்த துணியை எடுத்து மடிக்கத் தொடங்கினார்.

மூன்றரை மணிக்கு உருள்வீடு பின்வாங்கி மேட்டுக்கு ஏறியது. மனைவியையும் மகளையும் ஏற்றிக்கொண்டு சோலை திரும்பும் வளைவில் போய் நின்றது. அங்கிருந்து அதன் ஏழு கண்களுக்கும் கரை தெரியாது. கரையில் வேண்டுமென்றே விட்டுவந்த துண்டை மறந்துவிட்டதாக வீட்டிடம் சொல்லிச் சென்னியப்பன் இறங்கி வந்தார்.

சவரிமுத்து தூரத்தில் தூண்டிலோடு ஏரியைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். குல்லா மட்டும் தெரிந்தது.

சென்னியப்பன் கல்லை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு போய்ப் பதினொன்றாம் குடிலின் வாசலில் இறக்கினார். சேற்றை ஏரித் தண்ணீரில் கழுவினார். பள்ளத்தில் பொருத்தியபோது ஒரு மூலை ஆடியது. சிறு கற்களைத் தேடி எடுத்து அடியில் செருகினார். பிறகு, வலிக்கிற காலோடு ஏறுகிறவரைப்போல, ஒரு காலில் முழு எடையையும் கொடுத்து ஏறி நின்று பார்த்தார்.

கல் ஆடவில்லை. தன் கால்தடத்தைத் துண்டால் துடைத்துவிட்டு மேட்டை நோக்கி நடந்தார்.