வளைவில் இருந்த கை

அம்மா வேலை பார்க்கும் எக்ஸ்ரே அறையில் எப்போதும் அரை இருட்டுதான். சுவரில் ஒரு விளக்குப் பலகை மட்டும் வெள்ளையாக எரியும். பள்ளி விட்டதும் குச்சி அங்கே உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவாள். ஒல்லியாக இருந்தால் இப்படியா பெயர் வைப்பார்கள்? வைத்துவிட்டார்கள்.

அன்று பலகையில் ஐந்து கைப்படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. ஐந்திலும் மணிக்கட்டுக்குச் சற்று மேலே, அதே இடத்தில், அதே சாய்வில் ஒரு விரிசல் கோடு. குச்சி நோட்டை மூடினாள்.

“ஒரே கைய அஞ்சு தடவை எடுத்தியாம்மா?”

“இல்லடி, அஞ்சும் வேற வேற பிள்ளைங்க. எல்லாமே இடது கை. ஒருத்தனுக்காவது ஒழுங்கா விழத் தெரியுதா பாரு!”

ஐந்தாவது கைக்காரன் வெளியே பெஞ்சில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தான். குச்சியின் வகுப்புதான்.

“எப்படிடா விழுந்த?”

அவன் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டான். “யார்கிட்டயும் சொல்லாத. மைதானத்துல ஓடுற பாதையோட வளைவுல, மண்ணுக்குள்ள ஒரு கை இருக்கு. ஓடும்போது காலைப் பிடிச்சுது. சத்தியமா!”

குச்சி கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னும் சற்று நேரத்தில் அதே மைதானத்தில் தம்பிக்கு ஓட்டப்பந்தயம். அம்மாவிடம் சொல்லிவிட்டு ஓடினாள்.

மலையிலிருந்து இறங்கிய மாலைப் பனி மைதானத்தை மூடியிருந்தது. தூரத்தில் தம்பியும் மற்றவர்களும் கோட்டில் நிற்பது மங்கலாகத் தெரிந்தது. வளைவில் ஈ காக்கை இல்லை. புல்லுக்குள்ளிருந்து மட்டும் ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல்.

திரும்பி ஓடிவிடலாமா? கால்கள் அதற்குத் தயாராகத்தான் இருந்தன. ஆனால் பேய்க்கு இடது கை மேல் மட்டும் அப்படி என்ன ஆசை?

குச்சி யோசித்தாள். பந்தயத்தில் எல்லோரும் இடப்பக்கமாகத்தான் வளைவார்கள். உள்ளோரத்தில் இடது கால் எதிலாவது மாட்டினால் இடப்பக்கம் விழுவார்கள். இடது கையைத்தான் ஊன்றுவார்கள்.

உள்ளோரத்தில் குனிந்து புல்லை விலக்கினாள். சில்லென்று ஏதோ விரலில் மாட்டியது.

“அம்மா!”

கை இல்லை. பழைய வேலியின் தடித்த கம்பி, வளையம் வளையமாக மண்ணிலிருந்து தலையை நீட்டியிருந்தது. காற்று பட்டதும் முனகியது. இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை.

அதற்குள் விசில் ஊதிவிட்டது. பனிக்குள் தடதடவென்று காலடிச் சத்தம் நெருங்கியது.

குச்சி கம்பியின் முன்னால் போய், இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றாள். “தள்ளிப் போங்க! வெளியோரமாப் போங்க!”

வெள்ளைச் சட்டையில் ஓர் உருவம் கைவிரித்துக் கத்துவதைக் கண்டு எல்லோரும் அலறியடித்து ஒதுங்கினார்கள். தம்பியின் அலறல்தான் பெரியது. பயத்தில் பறந்தவன் முதலாவதாக வந்துவிட்டான்.

“அக்கா, நீயா அது? பசங்க சொன்ன அந்தக் கைதான் முழு ஆளா எழுந்து வந்துருச்சுன்னு நெனச்சேன்!”

விளையாட்டு ஆசிரியர் வந்து கம்பியைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். கம்பி வந்துவிட்டது. அவரும் கூடவே விழுந்தார், இடப்பக்கமாக.

மறுநாள் பலகையில் ஆறாவது படம் மாட்டியிருந்தது. அதுவும் இடது மணிக்கட்டு. குச்சி மூச்சைப் பிடித்துக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தாள்.

“சாருக்காவது விழத் தெரிஞ்சிருக்கு,” என்றாள் அம்மா.

அந்தப் படத்தில் ஒரு கோடும் இல்லை.