பின்சீட்டு பெல்ட்

ஒருநாள் முழுக்க ஓட்டிப் பார்க்காமல் கார் வாங்குகிறவள் அல்ல ஹினேவாய். விற்கிறவன் சொந்தப் பெரியப்பா மகன் ராவிரி என்பதால் சந்தேகம் ஒரு படி கூடுதல். சிட்னியில் பத்து வருடம் பழைய கார் விற்றுவிட்டு ஊர் திரும்பியவன். துருவைக்கூட அது ஒரு கலர் என்று சொல்லித் தள்ளிவிடத் தெரிந்தவன்.

காலையில் காட்டுக்குள் போய்க் கவுரி என்னும் ராட்சத மரத்தைப் பார்த்தார்கள். மதியம் சொந்தக்காரர்கள் ஒன்றுகூடும் பொதுவீட்டில், முன்னோர் உருவம் செதுக்கிய தூண்களின் முன் நின்று அவர்களைப் பெயர் சொல்லி வணங்கினார்கள். வழியில் பொரித்த மீன் தின்றார்கள். கார் ஒரு முனகல்கூட முனகவில்லை. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

நாலு மணிக்குப் பழைய கோட்டைக் குன்று. அந்தக் காலத்துச் சண்டையில் விழுந்த வெளியூர்க்காரர்கள் சிலர் இன்னும் மேலேதான் கிடக்கிறார்கள். அழைத்துப்போகச் சொந்தம் வரவில்லை. ஏற்றம் செங்குத்து. இருவரும் வேரைப் பிடித்துத்தான் ஏறினார்கள்.

உச்சியில் மூடுபனி இறங்கியது. ஹினேவாய்க்கு மார்பில் பால் கட்டிக்கொண்டது. நாலு மாதக் கைக்குழந்தையைக் கணவன் மாத்தியுவிடம் விட்டு வந்திருந்தாள். அவசரமாக இறங்கத் தொடங்கினாள்.

பின்னால் காலடி. ஈரமண் வாசனை.

"என்ன அண்ணே, மூச்சு வாங்குதா?"

காலடி நின்றது.

"நின்னுகிட்டே இருக்காத. வா, வீட்டுக்குப் போகலாம்."

காலடி வேகமெடுத்தது.

அடிவாரத்தில், காரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான் ராவிரி.

"எங்க போய்த் தொலைஞ்ச? நான் குறுக்குவழில வந்து கால்மணி நேரமாச்சு."

விளையாடுகிறான் என்று நினைத்தாள். குழாயில் கையை அலசிக்கொண்டு வண்டியை எடுத்தாள். இரண்டு மைல் போவதற்குள் கார் கத்த ஆரம்பித்தது. பின்சீட்டில் ஆள் இருக்கிறது, பெல்ட் போடவில்லை என்று விளக்கு மினுக்கியது.

"ஓஹோ. இதத்தான் நாள் பூரா மறைச்சியா?"

"சத்தியமா இப்பதான் கத்துது ஹினே."

"பின்னாடி என்ன வெச்சிருக்க? மேலேர்ந்து கல்லு கில்லு எடுத்தியா?"

"கல்ல யாரு வாங்குவா?"

கண்ணாடியில் பார்த்தாள். பின்சீட்டில் யாருமில்லை.

மெத்தை மட்டும் அமுங்கியிருந்தது.

ஈரமண் வாசனை இப்போது காருக்குள்.

"அண்ணே," என்றாள் மெதுவாக. "இறங்குறப்ப என் பின்னாடி நீ வரலயா?"

"அதான் சொன்னேனே."

"நான் பேசினேன். நீதான்னு நெனச்சு."

"என்ன சொன்ன?"

சொன்னாள். ராவிரியின் முகம் வெளுத்தது. வெளியிடத்தில் இறந்தவரை ஊருக்கு அழைத்துவரப் போகும் சொந்தங்கள், அங்கே நின்று சொல்வது அதே வார்த்தை. மேலே கிடப்பவர்கள் இத்தனை காலமாகக் காத்திருப்பதும் அதற்குத்தான்.

"திருப்பு வண்டிய."

அடிவாரத்தில் பின்கதவைத் திறந்து, தலை குனிந்து நின்றாள்.

"தெரியாம கூப்பிட்டுட்டேன். நான் உங்க ஆளு இல்ல. என் வீட்ல பச்சப்புள்ள இருக்கு. இங்கயே இறங்கிக்குங்க."

காற்று அசையவில்லை. நூறுவரை எண்ணினாள். கதவைச் சாத்தி வண்டியைக் கிளப்பினாள்.

சத்தம் இல்லை. விளக்கும் இல்லை.

"இறங்கிட்டாரு," என்று பெருமூச்சு விட்டான் ராவிரி. கொஞ்சதூரம் போனதும் பழைய ராவிரி ஆனான். "பாத்தியா, சென்சார் எவ்ளோ சுத்தமா வேலை செய்யுதுன்னு."

"அதுக்காக வெலைய ஏத்தாத."

வீடுவரை சிரித்துக்கொண்டே வந்தார்கள். வாசற்படியில் மாத்தியு, தோளில் குழந்தை. பின்சீட்டுக்குக் கீழே வைத்திருந்த கைப்பையை எடுக்க ஹினேவாய் திரும்பினாள்.

காலி இருக்கையின் குறுக்கே பெல்ட் விறைப்பாக இழுத்து மாட்டியிருந்தது.

கத்த வாயைத் திறந்தாள்.

அதற்குள் மாத்தியு குழந்தையின் கையைப் பிடித்து ஆட்டிக்காட்டினான். "வாங்க வாங்க. எல்லாரும் உள்ள வாங்க."

பின்சீட்டில் 'க்ளிக்' என்று பெல்ட் கழன்றது.