ஆளில்ல, இழு

முந்தலுக்கு அப்பால், கடல்நீர்க் களப்போரமாக நிற்கும் அந்தப் பழைய ரயில் பட்டறைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டிருந்தது. நான், என் தங்கை றிஸ்மினாவின் கணவன் சியாம், டிராக்டர் ஓட்டும் அஸ்ஜத் என்று மூன்று பேர். உள்ளே கிடக்கும் துருப்பிடித்த ரயில் பெட்டிகளை இழுத்து வெளியே போடுவதுதான் எங்கள் வேலை.

வெள்ளைக்காரன் காலத்தில் அங்கே என்ஜின்களைப் பிரித்துப் பூட்டினார்களாம், புதுப் பெட்டிகள்கூடக் கட்டினார்களாம். கொல்லர் கூடம், தச்சர் கூடம் என்று நீளமாகப் போகும் கட்டடங்களில் இப்போது சுவர்தான் மிச்சம். உப்புக்காற்று மற்றதையெல்லாம் தின்றுவிட்டது. ஆனாலும் வாசலில் கால் வைத்ததும் என்ஜின் எண்ணெய் பச்சையாக மணத்தது. எத்தனையோ காலமாகப் பூட்டிக் கிடந்த இடத்தில் அது ஏன் மணக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும்.

மூத்தவர் என்பதால் நாங்கள் நானா என்று கூப்பிடும் காவல்காரர் சாஹுல் ஹமீது ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"பெட்டிய அசைக்க முந்தி, தண்டவாளத்துல மூண்டு தட்டுத் தட்டி 'ஆளிருக்கா' எண்டு கேளுங்க தம்பி. இந்தப் பட்டறைட வழக்கம் அது. கேட்டுட்டு, குனிஞ்சும் பாருங்க."

"செத்த பெட்டிக்கும் மரியாதையா நானா?" என்று சியாம் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை.

நண்பகல் தொழுகைக்கான ளுஹர் பாங்கு கேட்டதும், "மச்சான், தொழுதுட்டு வாறன்" என்று சியாம் போனான். தெருவோரப் பள்ளிக்குத்தான் போகிறான் என்று நினைத்தேன். அந்த வெயிலில் அவ்வளவு தூரம் நடக்க அவனுக்குப் பஞ்சி பிடித்திருக்கும். கடைசிப் பெட்டிக்கு அடியில், ஆட்கள் இறங்கி நின்று சக்கரம் பார்ப்பதற்காகக் கட்டிய ஆழமான குழி ஒன்று, தொழுகைக்குத் தோதாக, மேற்குப் பார்த்துக் கிடந்தது. அங்கே நல்ல நிழல்.

அந்தப் பெட்டியில் சங்கிலி மாட்டியாயிற்று. அஸ்ஜத் டிராக்டரில் ஏறி, என் சொல்லுக்காகக் காத்திருந்தான்.

நான் தண்டவாளத்தில் மூன்று தட்டுத் தட்டினேன்.

"ஆளிருக்கா?"

பதில் இல்லை. தொழுகையில் நிற்பவன் எப்படிப் பதில் சொல்வான்?

காவல்காரர் சொன்னபடியே குனிந்தேன். குழியின் ஓரத்தில் சியாமின் செருப்பு. உள்ளே, இருட்டில், நெற்றியைத் தரையில் வைத்து சுஜூதில் கிடக்கும் அவன் முதுகு.

'நில்லு' என்று கத்த நான் மூச்சை இழுத்தேன்.

"ஆளில்ல, இழு."

எனக்குப் பின்னால் யாரோ சொன்னார்கள்.

என் குரலில்.

அன்று எனக்கிருந்த, சளி கட்டிய அதே கரகரப்பு. என் வாய் இன்னும் திறக்கவே இல்லை.

டிராக்டர் உறுமியது. "நிப்பாட்டு! அல்லாஹ்வுக்காக நிப்பாட்டு!" என்று கத்திக்கொண்டே ஓடிப்போய் ஓடும் சங்கிலியை இரண்டு கையாலும் பிடித்தேன். உள்ளங்கைத் தோல் உரிந்து போனது. பெட்டி ஒரு முழம்தான் நகர்ந்தது. துருவேறிய அச்சு முறிந்து, அத்தனை இரும்பும் குழிக்குள் இறங்கியது.

சியாம் கத்தவில்லை.

"நீங்கதானே நானா சொன்னீங்க? தெளிவாக் கேட்டனே!" என்று அஸ்ஜத் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அவன் பொய் சொல்லவில்லை என்பதுதான் என்னைக் கொல்கிறது.

சியாமின் ஜனாஸாவை அடக்கிய பிறகு சாஹுல் ஹமீது நானா என்னை ஒரு பக்கமாக அழைத்துப் போனார்.

"அங்க கடைசி ஃபோமன் எங்கட வாப்பாதான். ஒரு ஃபிட்டர் அதே குழிக்குள்ள தொழுதுகொண்டு இருக்கக்குள்ள 'ஆளில்ல, இழு' எண்டு வாப்பா சொன்னத பட்டறையே கேட்டது. மௌத்தாகிற வரைக்கும் வாப்பா சொன்னது ஒண்டுதான். நான் வாய் திறக்கல்ல எண்டு."

நான் அவர் சட்டையைப் பிடித்தேன். "இத ஏன் முந்தியே சொல்லல்ல?"

"பெத்த வாப்பாவையே நான் நம்பல்ல தம்பி. நீங்க என்ன நம்புவீங்களா?"

ஊர் என்னைப் பற்றி என்னவும் பேசட்டும். றிஸ்மினா ஒருத்தி நம்பினால் போதும் என்று அவள் வீட்டுக்குப் போனேன். வெள்ளை உடுத்து, கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தாவில் இருந்தாள். மடியில் பிள்ளை தூங்கியது. என் கைக்கட்டைப் பார்த்ததும் அவள் என் பக்கம் கை நீட்டினாள்.

"காக்கா, நான் சொல்லல்ல எண்டு ஒரு வார்த்த சொல்லுங்க. ஆர் என்ன சொன்னாலும் நான் உங்களத்தான் நம்புவன்."

அழுதுவிடக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினேன்.

அறைக்குள் எண்ணெய் மணத்தது.

"ஆளில்ல, இழு."

றிஸ்மினா பிள்ளையை வாரி அணைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டினாள்.

"இப்ப என்ன சொன்னீங்க காக்கா?"

நான் இன்னும் உதட்டைக் கடித்தபடியே நின்றேன்.