காணாமல் போன ஆறாவது தட்டு

புல் ஆராய்ச்சி செய்யும் அக்கா காலையிலேயே துப்பறியும் மாமாவின் வீட்டுக்கு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். ஒன்பது வருடமாகக் கடுங்குளிரிலும் சாகாத மாட்டுப் புல்லை உருவாக்கிக்கொண்டிருந்தாள். குளிரைத் தாங்குமா என்று சோதிக்க நேற்று உறைபெட்டியில் வைத்த அவளுடைய ஐந்து தட்டுப் புல்லும் செத்துவிட்டன. பக்கத்தில் வைத்த சாதாரணப் புல் பிழைத்துக்கொண்டது. ஆறாவது தட்டைக் காணவே காணோம். நாளை மறுநாள் பணம் கொடுக்கும் குழு வந்து பார்த்தால் ஆராய்ச்சிக்கு மூடுவிழாதான்.

பெட்டியைப் பழுதுபார்த்த மின்காரர்மேல் அவளுக்குச் சந்தேகம். போன வாரம்தான் அவரோடு சண்டை.

துப்பறியும் மாமா பதறவில்லை. மருமகளையும் கூட்டிக்கொண்டு ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனார். மாமா சொன்னபடி அவள் புல்லை அளந்தாள். செத்த புல் ஒரு சாண் நீளம், தொட்டால் துவண்டது. பிழைத்தது நாலு விரல்தான்.

"குளிர் அறையில புல் வளருமாம்மா?" மாமா அக்காவிடம் கேட்டார்.

"வளராது மாமா. மூணு வாரம் அங்கேயே இருந்து குளிருக்குப் பழகும். தண்ணி ஊத்தத் தோட்டக்காரர் மட்டும்தான் உள்ள போவார். அப்புறம்தான் உறைபெட்டி."

"அப்போ இது மட்டும் எப்படி வளர்ந்துச்சு?"

அக்கா தானே மறுபடி அளந்து பார்த்தாள்.

மாமா மின்காரரையும் தோட்டக்காரரையும் குளிர் அறைக்கு வரச்சொன்னார். பெட்டியின் வெப்பப் பதிவில் பிசகே இல்லை. மின்காரர்மேல் குற்றமில்லை என்றார். யாரோ இந்தப் புல்லைச் செடி வளர்க்கும் சூடான கண்ணாடி வீட்டில் வைத்திருக்கிறார்கள். பழகிய குளிரை அது மறந்துவிட்டது. கண்ணாடி வீட்டுச் சாவி ஒருவரிடம்தான் இருக்கிறது. கெடுக்க நினைத்தவர் இவ்வளவு அக்கறையாகத் தண்ணீர் ஊற்றியிருக்க மாட்டார்.

தோட்டக்காரர் தலை குனிந்தார். "குழு வருதேன்னு பத்து நாள் அங்கே வெச்சிருந்தேன்மா. பச்சைப்பசேல்னு இருந்தா உங்களுக்குத்தானே பெருமை. சோதனைக்கு முன்னாடி திருப்பி வெச்சிட்டேன்."

"ஆறாவது தட்டு?" மருமகள் முந்திக்கொண்டாள்.

"அது சவலையா இருந்துச்சு பாப்பா. வெளியில காட்ட வெக்கமா இருந்துச்சு. இங்கேயே, அந்த மேசைக்கு அடியில தள்ளிட்டேன்."

அது குளிர் அறையை விட்டு நகரவே இல்லை. அன்றே உறைபெட்டிக்குள் போனது.

மறுநாள் அந்தத் தட்டை வெளியே எடுத்தார்கள். தோட்டக்காரர்தான் ஒரு செடியின் அடித்தண்டை நகத்தால் கீறினார். உள்ளே வெள்ளைவெளேரென்று உறுதியாக இருந்தது; செடிக்கு உயிர் இருந்தது. அடுத்ததும் அப்படியே. அக்கா ஒவ்வொரு செடியாகத் தொட்டு எண்ணினாள்.

குழு வந்தபோது அந்தச் சவலைத் தட்டைத் தோட்டக்காரரே இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு முன்னால் நடந்தார்.