மூன்றாவது மினுக்கல்

எரியக் கூடாத விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மேஜைமேல் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தகரப் பெட்டி. மீடியா கன்வெர்ட்டர் என்பார்கள். ஒரு பக்கம் சாதாரண செம்புக் கேபிளைச் செருகினால், அதில் வருவதை வெளிச்சமாக மாற்றி மறுபக்கத்துக் கண்ணாடி இழையில், ஃபைபரில், அனுப்பும். செம்புக் கேபிளுக்கு நூறு மீட்டர்தான் தெம்பு. இந்த அலுவலகத்துக்கும் வளாகத்தின் கடைக்கோடியில் இருந்த பழைய குளிர்பதனக் கிடங்குக்கும் நடுவே முந்நூறு மீட்டர். அதனால் நடுவில் ஃபைபர், இரண்டு முனையிலும் ஒவ்வொரு பெட்டி. அந்த முனையிலிருந்து வெளிச்சம் வந்தால் மட்டும்தான் இந்தப் பெட்டியின் இரண்டாவது விளக்கு பச்சையாக எரியும்.

அந்த முனைக்கான பெட்டி அவள் புருஷனின் தோள்பையில் இருந்தது. அவள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். மொட்டை வெயிலில் தன் நிழலைத் தானே மிதித்துக்கொண்டு, பாதி தூரம்கூடத் தாண்டாமல் நடந்துகொண்டிருந்தார் மனிதர்.

ஃபைபரை உருவினாள். விளக்கு அணைந்தது. செருகினாள். எரிந்தது. பெட்டியில் கோளாறில்லை, அங்கிருந்து யாரோ, எதுவோ, வெளிச்சம் அனுப்பிக்கொண்டிருந்தது.

செல்போனில் அவரைக் கூப்பிட்டுச் சொன்னாள். பழைய பெட்டி எதையாவது கழற்றாமல் விட்டிருப்பார்கள் என்றார். நாலு வருஷமாக அந்தக் கட்டடத்தில் கரண்டே இல்லையே என்றாள். அவர் சிரித்தார்.

"போய்ப் பாத்தா தெரிஞ்சிடப் போகுது, முதலாளியம்மா. நீ டீயக் குடி."

கம்பெனியை அவள் பேரில்தான் பதிந்திருந்தார்கள். ஆள் பலமோ புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர். அன்றிலிருந்து வேலை இடத்தில் அவர் அவளை வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. திரும்பி வந்துவிடுங்கள் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் ஒரு வாரம் ஓட்டித் தள்ளுவாரே என்று விழுங்கிவிட்டாள்.

கிடங்குக் கதவின் உள்பக்கக் கைப்பிடி எப்போதோ உடைந்துபோனது. மூடிக்கொண்டால் வெளியே இருக்கும் இரும்புக் கொண்டியை ஒருவர் இழுத்தால்தான் திறக்கும். காலையிலேயே இருவரும் பார்த்து வைத்திருந்தார்கள். அவர் கதவைத் திறந்து, அடியில் மரக்கட்டையை முட்டுக் கொடுத்து, காலால் இரண்டு உதை உதைத்து இறுக்கிவிட்டுத்தான் உள்ளே போனார்.

எண்ணிப் பத்து நொடி இருக்கும். கதவு மெல்ல, யாரோ முதுகு கொடுத்துத் தள்ளுவதுபோல, மூடிக்கொண்டது. காற்று இல்லை. வளாகத்துக் கொடிக்கம்பத்தின் கயிறுகூட அசையவில்லை. செல்போனை அழுத்தினாள்; கிடங்கின் தகரச் சுவருக்குள் சிக்னல் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை, கூப்பிட்ட குரலுக்கு வர ஒரு ஆள் கிடையாது. ஓடிப் போய்த் திறந்துவிடலாம் என்று செருப்பை மாட்டினாள்.

மேஜைமேல் இருந்த ஃபோன் அடித்தது.

அது சோதனைக்காக அவர்கள் கொண்டு போகும் ஜோடி ஃபோன்களில் ஒன்று. கன்வெர்ட்டரோடு இணைந்தது. அதன் ஜோடியும் அவர் பையில்தான் இருந்தது.

"நான்தான். கதவு மூடிக்கிச்சு. வந்து திற."

அவர் குரல். அப்பாடா என்று உட்கார்ந்தேவிட்டாள். உட்கார்ந்த பிறகுதான் மண்டையில் உறைத்தது. பையை இறக்கி, பேட்டரியிலிருந்து கரண்ட் இழுத்து, பெட்டியை மாட்டி, ஃபோனைச் சொருக எப்படியும் கால் மணி நேரம் பிடிக்கும். அவர் உள்ளே போய் ஒரு நிமிஷம் ஆகவில்லை. அந்த வெற்றுக் கூடத்தில் இருமினாலே நாலு சுவரும் திருப்பி இருமும். இந்தக் குரலுக்கு எதிரொலியே இல்லை. மூச்சுச் சத்தமும் இல்லை.

"அதுக்குள்ள எப்படிங்க மாட்டினீங்க?"

"நான்தான். வந்து திற."

அதே சொல். அதே ஏற்ற இறக்கம்.

அப்போதுதான் மேஜை ஓரம் சிவந்தது. உபரியாக இழுத்து வைத்திருந்த இன்னொரு ஃபைபர் அங்கே எதிலும் செருகாமல் கிடந்தது, தலைமுடி கனம்தான். அந்த முனையிலிருந்து அவர் பேனா வடிவச் சிவப்பு லைட்டை அழுத்திக் காட்ட, இந்த முனையில் அவள் பார்க்க வேண்டும், அதுதான் ஏற்பாடு. ஃபைபரை நேராகக் கண்ணால் பார்க்கக் கூடாது. பழக்கத்தில் உள்ளங்கையைக் குறுக்கே நீட்டினாள். கையில் ஒரு சிவப்புப் புள்ளி விழுந்தது.

சிக்னல் கிடைக்காத இடங்களுக்காக அவர்கள் இருவருக்கும் மட்டும் ஒரு கணக்கு உண்டு. மூன்று மினுக்கல் என்றால் எல்லாம் சரி, வரலாம். அவருக்குக் கட்டைவிரல் மடங்காது, பிளேடு பட்ட பழைய காயம்; மூன்றாவது எப்போதும் ஒரு நொடி தாமதித்தே வரும். மூணாவது நடந்து வருதா என்று அவள் கேலி செய்வாள்.

நீளமாக ஒன்று என்றால், ஆபத்து. கிட்டே வராதே.

புள்ளி அணையவில்லை. நீளமாக எரிந்தது. அணைந்தது. மறுபடி நீளமாக. நடுங்கியபடி.

அவர் உயிரோடு இருந்தார். வாய் திறக்க முடியாத இடத்தில், எதன் பக்கத்திலோ, பதுங்கி இருந்தார். போனால், வராதே என்றவர் பேச்சை மீறிக் கதவைத் திறக்க வேண்டும். போகாவிட்டால் அவர் உள்ளேயே கிடப்பார்.

"வந்து திற," என்றது ஃபோன்.

உறுதி செய்துகொள்ள வேண்டும் என்ற பதற்றம் ஒன்றுதான் அப்போது அவளுக்கு இருந்தது.

"நீங்கதான்னா அந்த லைட்ட மூணு தரம் அடிங்க. நான் வந்து திறக்கிறேன்."

"லைட்டா?" என்றது அவர் குரல். "என்ன லைட்?"

பதறி வாயைப் பொத்திக்கொண்டாள். அவரிடம் லைட் இருப்பதே அதற்குத் தெரிந்திருக்கவில்லை.

ஃபோனில் முதல்முறையாக வேறு சத்தம். தரையில் எதையோ இழுப்பதுபோல. மெதுவாக. தேடிக்கொண்டு. உள்ளங்கையில் புள்ளி துடித்தது. நீளம். நீளம். பாதியில் அறுந்தது.

இருட்டு.

ஏங்க என்று கூப்பிட்டாள். உள்ளங்கையை மட்டும் ஃபைபரின் முன்னாலிருந்து எடுக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே கதவு வெயிலில் மூடியே கிடந்தது.

பச்சை விளக்கு நிதானமாக எரிந்தது.

"வந்து திற," என்றது குரல். கொஞ்சம் நிறுத்தியது. "வந்து திற, முதலாளியம்மா."

உள்ளங்கையில் சிவப்பு விழுந்தது. ஒன்று. இரண்டு.

மூன்று.

மூன்றாவது தாமதிக்கவில்லை.